ஜிஎம்சி லாரிக்கு மரப்பாடி: ஓக்கா, பிளைவுட்டா, இரும்பா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் மூட்டை முடிச்சையெல்லாம் சுமந்தது ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. மூன்று அச்சும் இழுக்கும் இரண்டரை டன் லாரி. 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை நார்மண்டியிலிருந்து போர்முனைக்குப் பெட்ரோலும் வெடிமருந்தும் கொண்டுபோன ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரித் தொடரில் ஓடியவை பெரும்பாலும் இந்த வண்டிகள்தான். ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்கள். இன்றும் ஜூன் மாதம், நார்மண்டித் தரையிறக்கத்தின் நினைவு நாட்களில், அங்குள்ள சேன்ட் மேர் எக்லீஸ், காரன்டான் ஊர்கள் பக்கம் போனால் இவை சாரை சாரையாக ஓடுவதைப் பார்க்கலாம்.

இந்த லாரிக்கு என்ஜின் பாகம் கிடைக்கும், ஆக்சில் பாகம் கிடைக்கும், கதவு ரப்பர்கூடக் கிடைக்கும். பின்பக்க மரப்பாடி மட்டும் உருப்படியாகக் கிடைப்பது அபூர்வம். 80 வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற மரம் எப்படி மிஞ்சும்? எனவே புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். எதில் கட்டுவது என்பதில்தான் பலரும் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். நான் கூடமாட நின்று பார்த்த வேலைகளை வைத்து என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் ‘அசல்’ என்ற பிடிவாதத்தை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையே இந்த விஷயத்தில் ஒரே முடிவில் நிற்கவில்லை. தொடக்க வண்டிகளுக்கு இரும்புப் பாடி. 1942 வாக்கில் இரும்பை மிச்சம் பிடிக்க வேண்டிவந்தது, மரப்பாடிக்கு மாறினார்கள். அது சரிப்படாமல், பக்கமும் சட்டமும் இரும்பு, தரை மட்டும் மரம் என்ற கலப்புப் பாடி வந்தது. போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் இவற்றில் ஏராளமானவற்றை வைத்துக்கொண்டு, பட்டறையில் முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து, இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் ஓட்டியது. அப்படிப் பிரித்து மாட்டும்போது ஒரு சேசிஸுக்கு வேறு வண்டியின் பாடி வந்து உட்காருவது சாதாரணம். அதனால் இப்போது உங்கள் வண்டியின் மேல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டாஷ்போர்டில் உள்ள தகட்டில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி இருக்கும். அதைப் படியுங்கள். 1944 கடைசியில் வந்த வண்டிக்கு மரப்பாடி கட்டப் போராடுவதில் அர்த்தமில்லை. கலப்புப் பாடியே அதற்குப் பொருத்தமாக இருக்கலாம்.

மரப்பாடிதான் வேண்டும் என்று தேதி சொல்கிறது என்றால், எது எங்கே கெடும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தெரியாது. சேசிஸின் மேல் நெடுக்குக் கட்டை இரண்டு, அதன் மேல் வரிசையாகக் குறுக்குக் கட்டைகள், அதன் மேல் நீளவாக்கில் தரைப்பலகை, பக்கங்களில் மடக்கினால் பெஞ்சாகும் சட்டப்பலகைகள், பின்னால் டெயில் போர்டு. பாடியைச் சேசிஸோடு பிடித்திருப்பது யூ போல்ட். நீள சேசிஸ் வண்டியில் இந்தப் பாடி 12 அடி நீளம், உள்ளே ஏறக்குறைய 80 அங்குல அகலம். குட்டை சேசிஸுக்கு 9 அடி.

பார்வைக்கு முதலில் அசிங்கமாவது பக்கப்பலகை. ஆனால் உயிர் போவது குறுக்குக் கட்டையில். நார்மண்டியில் ஒரு நண்பரின் வண்டியில் தரையைப் பிரித்தபோது பார்த்தேன். கட்டையின் நடுப்பகுதி இன்னும் இழைப்புளி போட்டால் சுருள் வரும் போலக் கெட்டியாக இருந்தது. இரண்டு முனைகளிலும், இரும்புப் பட்டைக்கு அடியில், குத்தூசி கைப்பிடி வரை இறங்கியது. குமிழ்த்தலை உள்ள கேரியேஜ் போல்ட் ஒன்றைத் தட்டி எடுத்தோம். தலையும் மரையும் முழுசாக இருந்தன. மரத்துக்குள் இருந்த நடுப்பாகம் மட்டும் பென்சில் பருமனுக்கு இளைத்திருந்தது. அதைச் சுற்றி மரம் கருநீலமாகியிருந்தது. ஓக்கில் இருக்கும் டானினும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்ற அடையாளம் அது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் போல்ட் இன்னும் 20 வருஷம் தாங்கும் என்றுதான் தோன்றும். இந்த வண்டிகளில் ஜூன் மாதம் குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிப் போகிறார்கள். எனவே பழைய பாடி எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், போல்ட்டுகளில் நான்கைந்தையாவது கழற்றிப் பார்க்காமல் நம்பக் கூடாது.

பழையதையே காப்பாற்றுவது முதல் வழி. உளுத்த முனையை அறுத்துவிட்டு, சாய்வாக வெட்டிய ஒட்டுப் போட்டு, புது மரத்தைச் சேர்த்து போல்ட் அடிப்பது. பக்கப்பலகை, பெஞ்ச் சட்டம், டெயில் போர்டு ஆகியவற்றுக்கு இது அருமையான வழி. பழைய ராணுவ எழுத்தும் பெயின்ட் அடுக்கும் தப்பிக்கும். அந்த அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்பதால் சும்மா மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். முகமூடியும் ஈரமும் அவசியம். குறுக்குக் கட்டைக்கு மட்டும் ஒட்டு வேண்டாம் என்பேன். பாரம் முழுக்க நிற்கும் இடம் அது. முனையில் ஒட்டுப் போட்டால் யூ போல்ட்டுக்கும் பக்கத் தூணுக்கும் நடுவில்தான் மூட்டு வந்து விழும். எப்படியானாலும் பழைய கட்டைகளில் ஒன்றையாவது விறகாக்காமல் வையுங்கள். துளையின் இடம், வெட்டின் ஆழம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எந்த வரைபடமும் அவ்வளவு நம்பகமாக இருக்காது.

சரி, புது மரம் என்றால் எந்த மரம்?

பெரும்பாலானவர்கள் ஓக் என்பார்கள். நானும் அதே கட்சிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அமெரிக்காவில் வெள்ளை ஓக், சிவப்பு ஓக் என்று இரண்டு குடும்பம். வெள்ளை ஓக்கின் வைரப்பகுதியில், அதாவது முதிர்ந்த உள்மரத்தில், நீர்க்குழாய்களை மரமே அடைத்துக்கொள்ளும். பீப்பாய் செய்வது அதில்தான். சிவப்பு ஓக்கில் குழாய்கள் திறந்தே இருக்கும், ஒரு துண்டை எடுத்து முனையில் வாய் வைத்து ஊதினால் குளிர்பானக் குழல் மாதிரி மறுபக்கம் காற்று வரும். மழையும் அப்படியே உள்ளே போகும். பிரான்சின் சொந்த ஓக் வெள்ளைக் குடும்பத்தைச் சேர்ந்தது, மரவாடிகளில் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலும் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய இளமரம், கலந்த பலகையை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். வைரத்துக்குத்தான் ஆயுள். வெளிறு சில வருஷங்களில் பொடியாகும். மரங்கள் மக்கலை எதிர்க்கும் திறனை ஐரோப்பாவில் 1 முதல் 5 வரை வகுப்புப் பிரித்திருக்கிறார்கள், 1 சிறந்தது. ஓக்கின் வைரத்தைப் பொதுவாக 2இல் வைப்பார்கள். எந்த மரத்தின் வெளிறும் 5தான்.

ஆஷ் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கார்களின் பாடிச் சட்டத்துக்கு அதைத்தான் போட்டார்கள் என்பதால் சிலர் இங்கேயும் அதைச் சொல்கிறார்கள். வளைந்து கொடுக்கும், அடி தாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் மக்கலை எதிர்ப்பதில் ஆஷ் 5ஆம் வகுப்பு. கார்ச் சட்டம் தகட்டுக்கும் துணிக்கும் உள்ளே ஒளிந்திருக்கும். லாரியின் குறுக்குக் கட்டை சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு நேர் மேலே இருக்கும். ஆஷ் வேண்டுமென்றால் பெஞ்ச் சட்டங்களுக்குப் போடலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டக்ளஸ் ஃபர் வேறு ரகம். ஓக்கைவிட எடை கணிசமாகக் குறைவு: ஒரு கனமீட்டர் 530 கிலோ வாக்கில், ஓக் 700ஐத் தாண்டும். நேரான ரேகை, நீளமான பலகை சுலபமாகக் கிடைக்கும், விலையும் இறங்கும். மக்கல் வகுப்பு 3, 4 என்று நடுவில் நிற்கும். தரைப்பலகைக்கு இது நல்ல மரம் என்பது என் உறுதியான எண்ணம். தரைப்பலகை மேலிருந்து நனைந்தாலும் மேலேயே காய்ந்துவிடும், கெட்டால் ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். மென்மையான மரம் என்பதால் இரும்புப் பெட்டியை இழுத்தால் கோடு விழும். ராணுவ லாரியின் தரையில் கோடு இருப்பதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

வெப்பமண்டல மரங்களையும் கேட்பார்கள். கெருயிங் என்ற தென்கிழக்காசிய மரத்தை அமெரிக்காவில் ட்ரெய்லர் தளத்துக்கு வெகுகாலமாகப் போடுகிறார்கள், அபிட்டாங் என்ற பெயரில். பாரத்துக்கு அற்புதமான மரம். ஆனால் பிசின் கசியும். மேலே அடித்த பெயின்ட்டை அது தள்ளிக்கொண்டே இருக்கும். பெயின்ட் அடிக்கும் வண்டிக்கு அது தலைவலி. ஆப்பிரிக்க இரோக்கோ மக்காது, ஆனால் அதன் தூள் பலருக்கு மூக்கிலும் தோலிலும் ஒவ்வாமை கிளப்பும். எந்தக் காட்டிலிருந்து வெட்டியது என்ற கேள்வியும் கூடவே வரும். அடுத்த ஊரில் நல்ல ஓக் இருக்கும்போது இவற்றைத் தேடிப்போகத் தேவையில்லை.

மரத்தின் வகையைவிட மரத்தின் ஈரம் முக்கியம். இதைத்தான் ஆட்கள் கவனிப்பதில்லை. சூளையில் உலர்த்திய, மேசை நாற்காலிக்கான ஓக் 9, 10 சதவீத ஈரத்தில் வரும். வடக்கு பிரான்சில் வெளியே நிற்கும் வண்டியின் மரம் குளிர்காலத்தில் 16 சதவீதத்தைத் தொடும். ஓக் பலகை அகலவாக்கில், ஈரம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் ஏறக்குறைய 0.37 சதவீதம் உப்பும். 150 மில்லிமீட்டர் பலகைக்கு 6 சதவீத ஏற்றத்தில் 3 மில்லிமீட்டர் சொச்சம். அது பெரிதாகத் தெரியாது. ஆனால் தரைப்பலகைகள் நீளவாக்கில் ஓடுகின்றன, எனவே அகலங்கள் எல்லாம் கூடும். 80 அங்குலத்துக்கு, அதாவது 2 மீட்டர் சொச்சத்துக்கு, மொத்தம் 45 மில்லிமீட்டர். இடைவெளி விடாமல் இறுக்கி அடித்தால் அந்த 45 மில்லிமீட்டருக்குப் போக்கிடம் இல்லை. பக்கச் சட்டத்தை வெளியே தள்ளும், அல்லது நடுவில் பலகை கூரை மாதிரி எழும்பும். வளைய ரேகைகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை என்றால் இந்த உப்பல் பாதியாகும். விலை கூடுதல்தான், தரைக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். எப்படியும் காய்ந்த பலகையைப் போடுகிறவர்கள் இடைவெளி விட்டே ஆக வேண்டும். நேர்மாறாக, ஈரப்பலகையை நெருக்கிப் போட்டால் கோடையில் தானே இடைவெளி விழும்.

குறுக்குக் கட்டைக்குப் பருமனான ஓக் வேண்டும். ஓர் அங்குலம் காற்றில் காய ஒரு வருஷம் என்று தச்சர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று அங்குலக் கட்டை மூன்று வருஷம் காத்திருக்கும், நீங்கள் காத்திருப்பீர்களா? இங்கே பலரும் மறந்துவிடும் ஒரு வழி, இடித்த பண்ணை வீடுகளின் பழைய உத்தரங்கள். வைரம் பாய்ந்த ஓக், காய்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். உள்ளே கையால் அடித்த ஆணிகள் ஒளிந்திருக்கும் என்பதால் ரம்பத்தில் கொடுப்பதற்கு முன் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தடவிப் பாருங்கள். பழைய வண்டுத் துளை இருந்தால் வெளிறை முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல். பிரெஞ்சு மில்கள் 27, 34, 41, 54 மில்லிமீட்டர் என்று அறுக்கின்றன. 27ஐ இழைத்தால் 22, 23 ஆகிவிடும். அமெரிக்கப் பாடியோ அங்குலக் கணக்கு. தரை நான்கைந்து மில்லிமீட்டர் மெலிந்தால் டெயில் போர்டின் கீல், பெஞ்ச் உயரம், போல்ட் நீளம் எல்லாம் ஒவ்வொன்றாக இடறும். 34ஐ வாங்கி இழைப்பதே நல்லது. கழிவு போகட்டும்.

அடுத்து பிளைவுட். நேரடியாகச் சொல்கிறேன்: தரைக்கு அது முட்டாள்தனமான யோசனை அல்ல. ஐரோப்பா முழுக்க வேன், ட்ரெய்லர் தரைகள் பழுப்புப் படலம் ஒட்டிய பர்ச் பிளைவுட்டில்தான் இருக்கின்றன. அவ்வளவாக உப்பாது, சுருங்காது, ஒரே நாளில் போட்டு முடிக்கலாம். 27 மில்லிமீட்டர் கனத்தில் முழுத் தரையும் 137 கிலோ வாக்கில் வரும். அதே தரை ஓக்கில் 140க்குக் கொஞ்சம் மேல். எனவே எடையில் பெரிய லாபம் எதுவும் இல்லை. குறை இரண்டு. நீர் தாங்குவது பசைதான், மரம் இல்லை. பர்ச் மரம் தன்னளவில் 5ஆம் வகுப்பு. வெட்டிய விளிம்பும் போல்ட் துளையும் சீல் செய்யாமல் விட்டால் அங்கிருந்து கறுத்து உள்ளே ஏறும். பிஎஸ் 1088 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் மேல், நம்மூரில் ஐஎஸ் 710 போல. ஆனால் முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டைப் பல மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். நல்ல பசை பிரியாது.

இரண்டாவது குறைதான் என்னைப் பிளைவுட்டிலிருந்து விலக்குகிறது. இந்தச் சேசிஸ் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும்படி செய்தது. தனித்தனிப் பலகையும் போல்ட்டும் உள்ள பாடி அதோடு சேர்ந்து கொஞ்சம் முறுகும், இறங்கியதும் திரும்பும். ஷீட்டை ஒட்டி, ஸ்க்ரூ அடித்து இறுக்கிய தரை முறுக மறுக்கும். அந்த முறுக்கு விசை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? யூ போல்ட்டில் போகும், ஸ்க்ரூ துளைகளில் போகும். 8 அடி ஷீட் 12 அடி பாடிக்குப் போதாது என்பதால் மூட்டும் வரும், அந்த மூட்டு ஒரு குறுக்குக் கட்டையின் நட்ட நடுவில் உட்கார வேண்டும். அப்புறம், பக்கத்துக்குப் பிளைவுட் போட்டு அதில் பலகைக் கோடுகளைச் செதுக்குகிறவர்கள் உண்டு. பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்துவிடும். அதை வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரும்பு அல்லது கலப்புப் பாடி வாங்கி மாட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொடக்க வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் அது நியாயமான வழி, பழைய பாடிகள் விற்பனைக்கு வருகின்றன. மடிப்புகளுக்குள் துரு எவ்வளவு என்பதே கேள்வி. கலப்புப் பாடியில் தரை மரம்தான், எனவே மேலே சொன்ன ஈரக் கணக்கு அப்படியே பொருந்தும்.

யார் கட்டுவது? ஐரோப்பாவில் அளவுக்கு வெட்டித் தரும் கிட் கிடைக்கிறது. நேரமில்லாதவர்களுக்கு நல்ல வழி. வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: குறுக்குக் கட்டை எந்த மரம், ஈரம் எத்தனை சதவீதம், கட்டிய பாடியின் அடிப்பக்கப் படம் இருக்கிறதா. மேற்பக்கப் படத்தை எல்லோரும் காட்டுவார்கள். ஊர்த் தச்சரிடம் கொடுத்தால், அவருக்கு லாரி தெரியாவிட்டாலும் மரம் தெரியும். பழைய கட்டையை மாதிரியாகக் கொடுத்துவிட்டால் போதும்.

இனி என் தேர்வு. வண்டி ஷெட்டுக்குள் நின்று கோடையில் மட்டும் ஊர்வலம் போகும் என்றால்: நெடுக்குக் கட்டையும் குறுக்குக் கட்டையும் ஓக் வைரம், தரை டக்ளஸ் ஃபர், பழைய பக்கப்பலகைகளைப் பழுது பார்த்துத் திரும்ப மாட்டுவது. வெளியே மழையில் நிற்கும் வண்டிக்குத் தரையும் ஓக். கனமான சாமான் ஏற்றி இறக்கி வருஷம் பூராவும் உழைக்கிற வண்டி என்றால் மட்டும், ஓக் கட்டைமேல் பிளைவுட் தரையை ஏற்றுக்கொள்வேன், அதுவும் ஒட்டாமல் போல்ட் மட்டும் அடித்து. காசு குறைவென்றால் பக்கங்களில் குறைக்கலாம், தரையில் குறைக்கலாம். குறுக்குக் கட்டையில் ஒரு பைசா குறைக்கக் கூடாது.

போல்ட் எல்லாம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த கேரியேஜ் போல்ட்டாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் இன்னும் நீடிக்கும், ஆனால் அதன் தலையில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, வெள்ளையாகப் பளிச்சிடும். துளை போட்டதும் உள்ளே பெயின்ட்டை ஊற்றித் திருப்பி, ஈரத்தோடு போல்ட்டை இறக்குங்கள். கட்டைகளின் முனைகளுக்கு நீர்த்த பெயின்ட்டைக் குடிக்கும் மட்டும் கொடுங்கள். சேசிஸில் புதுத் துளை எங்கும் போட வேண்டாம், யூ போல்ட் போதும். புது மரம் முதல் கோடையில் சுருங்கி நட்டுகள் தளரும். ஆகஸ்ட் கடைசியில் அடியில் படுத்து எல்லாவற்றையும் ஒரு தடவை முடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஆட்களை ஏற்றுங்கள்.